வடிவியல் நிரூபணத்தில் எந்த வரி முதலில் வரும்?

நிரூபணம் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்கும் தேற்றங்கள் தெரிந்தே இருக்கும். குத்தெதிர்க் கோணங்கள் சமமா என்றால் சமம் என்பார்கள். இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டினால் எந்தெந்தக் கோணங்கள் சமம் என்று கேட்டாலும் பதில் வரும். ஆனால் வெற்றுத் தாளில் முதல் வரி எது, அதற்கடுத்த வரி எது என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அதனால்தான் நிரூபணங்களை மனப்பாடம் செய்கிறார்கள். வினாத்தாளில் படம் கொஞ்சம் திரும்பியிருந்தாலோ எழுத்துகள் மாறியிருந்தாலோ அந்த மனப்பாடம் கைவிட்டுவிடும்.

வரிசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிரூபணத்தைக் கடைசி வரியிலிருந்து தேட வேண்டும், முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். புத்தகத்தில் அச்சாகியிருப்பது எழுதிய வரிசை. தேடிய வரிசையை யாரும் அச்சடிப்பதில்லை. அதைப் பார்க்காமல் அச்சு வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு, இரண்டாவது வரி எங்கிருந்து குதித்தது என்று புரியாதது இயல்புதான். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணித அறிஞர் பப்பஸ் இந்த இரண்டு நடைகளையும் பிரித்தே விளக்கியிருக்கிறார். வேண்டியது கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அது எதிலிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போவது ஒன்று. தெரிந்த இடத்தைத் தொட்டதும் திரும்பி, வந்த வழியே முன்னோக்கி நடப்பது இன்னொன்று.

ஒரே ஒரு தேற்றத்தை எடுத்து இதை முழுதாகச் செய்து பார்ப்போம். நடுப்புள்ளித் தேற்றம். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு, மூன்றாவது பக்கத்துக்கு இணையாக இருக்கும், அதன் நீளத்தில் பாதியாகவும் இருக்கும்.

படம் போடுங்கள்

தாளை எடுத்துப் படத்தை நீங்களே வரையுங்கள். முக்கோணம் கசட. க மேலே, ச இடது கீழே, ட வலது கீழே. கச என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ப. கட என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ம. ப, ம இரண்டையும் இணையுங்கள். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், வேலை ஒன்றுதான்.

படம் வரையும்போது ஒரு எச்சரிக்கை. சமபக்க முக்கோணம் போல அழகாக வரையாதீர்கள். பக்கங்கள் சமமாகத் தெரிந்தால், கேள்வியில் சொல்லாத சமத்தையும் கை தன்னால் எழுதிவிடும். மூன்று பக்கமும் மூன்று நீளம், எந்தக் கோணமும் செங்கோணம் போல இல்லை என்கிற மாதிரி கோணலாக வரைவதுதான் பாதுகாப்பு.

அப்புறம் படத்தில் குறி போடுங்கள். கப-விலும் பச-விலும் ஒற்றைக் கோடு. கம-விலும் மட-விலும் இரட்டைக் கோடு. கேள்வி கொடுத்தது அவ்வளவுதான். படத்தில் இந்த நான்கு குறிகளைத் தவிர வேறெதுவும் இப்போதைக்கு இருக்கக் கூடாது.

கடைசி வரியிலிருந்து தேடுதல்

தாளின் அடியில் வேண்டியதை எழுதுங்கள்: பம ∥ சட, பம = ½ சட. இப்போது ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எது தெரிந்தால் இதை எழுதலாம்?

இரண்டு கோடுகள் இணையாகவும் இருக்க வேண்டும், நீளத்திலும் தொடர்பு வேண்டும். இரண்டையும் ஒரே கையில் தரும் வடிவம் இணைகரம். இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் இணை, சமம். ஆனால் நமக்கு வேண்டியது சமம் இல்லை, பாதி. பாதி என்று வந்தால் செய்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு: சின்னதை இரட்டிப்பாக்கலாம் அல்லது பெரியதைப் பாதியாக வெட்டலாம். இங்கே சின்னதை இரட்டிப்பாக்குவோம். பம-வை ம-வுக்கு அப்பால் நீட்டி, பம = மந ஆகும்படி ந என்ற புள்ளியைக் குறியுங்கள். ந, ட இரண்டையும் இணையுங்கள். அமைப்பு என்று புத்தகத்தில் திடீரென்று வருகிறதே, அது வரும் வழி இதுதான். வேண்டியதைப் பார்த்து, அதற்குத் தோதான வடிவம் படத்தில் இல்லையென்றால் அதை வரவழைக்கிறோம்.

இப்போது பந ∥ சட, பந = சட என்று காட்டினால் போதும். எது தெரிந்தால் இதை எழுதலாம்? பசடந இணைகரம் என்று தெரிந்தால் எழுதலாம். சரி, அது இணைகரம் என்று எப்படிக் காட்டுவது? ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருந்தால் போதும். இன்னொரு ஜோடியான பந, சட பற்றித்தான் நிரூபிக்கப் போகிறோம், அதைத் தொட முடியாது. ஆக மிச்சம் இருப்பது பச, டந. இவை சமம் என்றும் இணை என்றும் காட்ட வேண்டும்.

பச = டந எப்படி வரும்? பச-வுக்குச் சமமானது கப என்று ஏற்கெனவே தெரியும். ஆக கப = டந என்று காட்டினால் போதும். கப ஒரு முக்கோணத்தில் இருக்கிறது, டந இன்னொரு முக்கோணத்தில் இருக்கிறது. இணை எப்படி வரும்? ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் வரும். பந குறுக்குவெட்டி. ∠கபம, ∠டநம இரண்டும் ஒன்றுவிட்ட கோணங்கள். அவையும் அதே இரண்டு முக்கோணங்களில்தான் இருக்கின்றன. இரண்டு தேடலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றால் சரியான பாதையில் இருக்கிறோம் என்று பொருள்.

கடைசிக் கேள்வி. ∆கமப, ∆டமந சர்வசமம் என்று எப்படிக் காட்டுவது? கம = மட, கேள்வியில் கொடுத்தது. பம = மந, நாமே அமைத்தது. நடுவில் இருக்கும் கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள். பக்கம், கோணம், பக்கம், சுருக்கமாக ப-கோ-ப. தேடல் முடிந்தது.

துண்டுச் சீட்டு வேலை

இப்போது கையில் இருக்கும் வரிகளை, தேடிய வரிசையிலேயே எண் போட்டு எழுதுவோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தெந்த வரியை நம்பி நிற்கிறது என்று எழுத வேண்டும். அவற்றை ஆதார வரிகள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பழகுகிறவர்கள் உண்மையாகவே தாளைக் கிழித்துச் சீட்டுச் சீட்டாக எழுதினால் நல்லது. நகர்த்திப் பார்க்க முடிவது பெரிய உதவி.

1. பம ∥ சட, பம = ½ சட. ஆதாரம்: 2, 8
2. பந ∥ சட, பந = சட. ஆதாரம்: 3
3. பசடந ஓர் இணைகரம். ஆதாரம்: 4, 5
4. பச = டந. ஆதாரம்: 6, 9
5. கச ∥ டந. ஆதாரம்: 7
6. கப = டந. ஆதாரம்: 10
7. ∠கபம = ∠டநம. ஆதாரம்: 10
8. பம = மந. அமைப்பு
9. கப = பச. கொடுக்கப்பட்டது
10. ∆கமப ≅ ∆டமந. ஆதாரம்: 8, 11, 12
11. கம = மட. கொடுக்கப்பட்டது
12. ∠கமப = ∠டமந. குத்தெதிர்க் கோணங்கள்

இனி வரிசைப்படுத்துவது கணக்குப் போடுவது போல எளிது. ஆதாரமே தேவைப்படாத சீட்டுகளை முதலில் பொறுக்குங்கள். 8, 9, 11, 12. இவை கேள்வியிலிருந்தோ அமைப்பிலிருந்தோ தெரிந்த உண்மையிலிருந்தோ நேராக வந்தவை, எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்து, எல்லா ஆதாரமும் பொறுக்கிய குவியலில் வந்துவிட்ட சீட்டு எது? 10 மட்டும்தான். அதை வைத்ததும் 6, 7 இரண்டும் தயார். 6 வந்ததால் 4 தயார், 7 வந்ததால் 5 தயார். அப்புறம் 3, 2, 1.

எழுதும் வரிசை இப்படி வரும்: 11, 12, 8, 10, 6, 9, 4, 7, 5, 3, 2, 1.

9-ஆம் சீட்டைக் கவனியுங்கள். அதை முதலிலேயே எழுதியிருக்கலாம். நான் 4-க்குச் சற்று முன்னால் வைத்திருக்கிறேன். கொடுக்கப்பட்டவை எல்லாவற்றையும் உச்சியில் குவித்துவிட்டால், பத்து வரி தாண்டிப் படிப்பவர் அதை மறந்திருப்பார், மேலே போய்த் தேட வேண்டும். தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது நல்ல பழக்கம். 11, 12, 8 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பக்கம், கோணம், பக்கம் என்று அடுக்கிவிட்டால் ப-கோ-ப கண்ணுக்கே தெரியும். இவை இரண்டும் படிப்பவர் வசதிக்காகச் செய்தவை. தர்க்கத்துக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: எந்த வரியும் தன் ஆதார வரிகளுக்கு முன்னால் வரக் கூடாது. இதைப் புரிந்துகொண்டால், நண்பன் எழுதிய வரிசை வேறு, நான் எழுதியது வேறு, எனவே ஒன்று தப்பு என்கிற பயம் போய்விடும்.

பத்தாவது சீட்டில் எழுத்துகளின் வரிசையையும் பாருங்கள். ∆கமப ≅ ∆டமந என்று எழுதினால் க-வுக்கு ட, ம-வுக்கு ம, ப-வுக்கு ந. இதை ஒழுங்காக எழுதிவிட்டால் அடுத்த வரிகளைப் படத்தைப் பார்க்காமலே எழுதலாம். முதல் முக்கோணத்தில் கப என்றால் இரண்டாவதில் டந. ∠கபம என்றால் ∠டநம. ∆கமப ≅ ∆நமட என்று கவனக்குறைவாக எழுதினால் கம = நம, ∠கபம = ∠நடம என்று தப்பாக வந்துவிடும். மதிப்பெண் குறைவது ஒருபுறம், அதற்கு மேலாக அடுத்த வரியே தப்பான பக்கத்துக்கு இழுத்துப் போய்விடும்.

இணை முதலா, கோணம் முதலா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 5, 7 சீட்டுகள். பலர் இப்படி எழுதுவார்கள்: "கச ∥ டந. ஆகவே ∠கபம = ∠டநம, ஒன்றுவிட்ட கோணங்கள்." இந்த நிரூபணத்தில் இது தலைகீழ். கச ∥ டந என்று நமக்கு யாரும் தரவில்லை. கோணம் சமம் என்று முதலில் சர்வசமத்திலிருந்து வந்தது, இணை என்பது அதிலிருந்து பிறந்தது.

இரண்டு வாக்கியங்களும் ஒன்று போலத்தானே இருக்கின்றன என்று தோன்றும். "இணை என்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" ஒரு தேற்றம். "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்றால் இணை" இன்னொரு தேற்றம், அதன் மறுதலை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த 13 பகுதிகள் கொண்ட நூலின் முதல் பகுதியில், கோணத்திலிருந்து இணைக்குப் போவது 27-ஆம் தேற்றம், இணையிலிருந்து கோணத்துக்குப் போவது 29-ஆம் தேற்றம். 27-க்கு இணைகோடுகளைப் பற்றிய அவருடைய ஐந்தாவது எடுகோள் தேவைப்படவில்லை. 29-இல்தான் அதை முதன்முதலாக எடுக்கிறார். அந்த அளவுக்கு இரண்டும் வேறு வேறு.

இதைக் கண்ணால் பார்க்க, அதே தேற்றத்தை வேறு அமைப்பில் செய்து பாருங்கள். ந என்ற புள்ளியை இப்போது வேறு மாதிரி வரவழைப்போம். ட வழியாக கச-க்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். பம-வை நீட்டினால் அந்தக் கோட்டை வெட்டும் இடம் ந. படம் அச்சு அசலாக முன்பு போலவே இருக்கும். ஆனால் வரிசை மாறிவிடும். இப்போது கச ∥ டந அமைப்பிலிருந்தே வருகிறது, ஆதாரம் வேண்டாம். அதிலிருந்து ∠பகம = ∠நடம. அதோடு கம = மட, ∠கமப = ∠டமந சேர்ந்து கோ-ப-கோ. அப்புறம்தான் பம = மந. முன்பு இலவசமாகக் கிடைத்த பம = மந இப்போது உழைத்துப் பெற வேண்டிய வரி. முன்பு உழைத்துப் பெற்ற இணை இப்போது இலவசம்.

ஆகவே, எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்பதைப் படம் சொல்லாது. படத்துக்குள் நீங்கள் எதைப் போட்டீர்கள் என்பதுதான் சொல்லும். இதிலிருந்தே இன்னொரு விதியும் வருகிறது. "பம = மந ஆகவும், டந ∥ கச ஆகவும் இருக்கும்படி ந-வைக் குறி" என்று இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. நீட்டிய கோட்டில் ஒரு புள்ளியைக் குறிக்கும்போது ஒரு நிபந்தனைதான் வைக்க முடியும். இரண்டாவது தானாக வருகிறது என்று காட்டுவதுதான் நிரூபணம். அமைப்பிலேயே இரண்டையும் கேட்டுவிட்டால் நிரூபிக்க வேண்டியதில் பாதியை அங்கேயே விழுங்கிவிடுகிறோம்.

வட்டமடிக்கும் ஆதாரம்

சீட்டுகளை அடுக்கும்போது சில நேரம் எதுவுமே தயாராகாமல் சிக்கிக்கொள்ளும். மூன்றாம் சீட்டுக்கு ஐந்து வேண்டும், ஐந்துக்கு மூன்று வேண்டும். அப்படியென்றால் நிரூபணம் தன் வாலையே பிடித்திருக்கிறது. தாளுக்குள் நடந்தால் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். தாளுக்கு வெளியே, நீங்கள் மேற்கோள் காட்டும் தேற்றங்களுக்குள் நடந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்பதை எடுத்துக்கொள்வோம். கச = கட. க-விலிருந்து கோண இருசமவெட்டி வரைந்து, ப-கோ-ப போட்டு முடிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. யூக்ளிட் தன் 5-ஆம் தேற்றமாக இதை நிரூபிக்கும்போது அப்படிச் செய்யவில்லை. பக்கங்களை நீட்டி, இரண்டு முறை சர்வசமம் காட்டி, நீண்ட வழியில் போகிறார். காரணம் வரிசைதான். அவர் நூலில் கோணத்தை இருசமமாக வெட்டுவது 9-ஆம் தேற்றம். அது 8-ஐ, அதாவது ப-ப-ப-வை, நம்பியிருக்கிறது. 8 நம்பியிருப்பது 7-ஐ. 7 நம்பியிருப்பது 5-ஐ. ஐந்தில் இருசமவெட்டியைக் கொண்டுவந்திருந்தால் 5, 9, 8, 7, மறுபடி 5 என்று சுற்றியிருப்பார். கோண இருசமவெட்டி உண்டு என்பதை முன்பே ஏற்றுக்கொண்ட பள்ளிப் பாடத்தில் அந்தக் குறுக்குவழி பிழையில்லை. அங்கே அடுக்கு வேறு.

பப்பஸ் இதே தேற்றத்துக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது. எந்தக் கோடும் வரைய வேண்டாம். முக்கோணத்தை அதனோடேயே ஒப்பிடுங்கள், திருப்பி வைத்து. ∆கசட, ∆கடச. இங்கே கச = கட, கட = கச, க-வில் இருக்கும் கோணம் இரண்டுக்கும் பொது. ப-கோ-ப. ஆகவே ∠ச = ∠ட. நான்காம் தேற்றம் ஒன்றே போதும், அது 5-க்கு முந்தியது.

உங்கள் நிலைக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு தேற்றத்தை மேற்கோள் காட்டும் முன், உங்கள் புத்தகத்தில் அது நிரூபிக்க வேண்டியதற்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பாருங்கள். வடிவொத்த முக்கோணங்கள் படித்தவர் நடுப்புள்ளித் தேற்றத்தை அதை வைத்து நான்கு வரியில் முடித்துவிடலாம். இன்னும் அந்தப் பாடத்துக்கு வராதவர் முடியாது. சந்தேகமாக இருந்தால் முந்திய பாடத்தில் இருப்பதைக் கொண்டே எழுதுங்கள்.

நீங்களே அடுக்கிப் பாருங்கள்

இணைகரம் கசடத. அதன் மூலைவிட்டங்கள் கட, சத சமம். அது செவ்வகம் என்று காட்ட வேண்டும். வரிகளைக் கலைத்துத் தருகிறேன். கீழே படிக்காமல் முதலில் ஆதாரங்களைக் குறியுங்கள்.

அ. ∠கசட = 90°
ஆ. ∆கசட ≅ ∆தடச
இ. கச = தட
ஈ. ∠கசட + ∠தடச = 180°
உ. கட = தச
ஊ. ∠கசட = ∠தடச
எ. சட = டச

இ இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள், உ கொடுக்கப்பட்டது, எ பொதுப் பக்கம். மூன்றுக்கும் மேலே எதுவும் வேண்டாம். அவை சேர்ந்து ப-ப-ப மூலம் ஆ. அதிலிருந்து ஊ. ஈ மட்டும் தனி ஆள். கச ∥ தட, சட குறுக்குவெட்டி, ஒரே பக்கத்து உட்கோணங்கள், எனவே 180°. அதற்குச் சர்வசமத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஊ, ஈ இரண்டும் சேர்ந்து அ. இணைகரத்தில் ஒரு கோணம் 90° என்றாலே அது செவ்வகம்.

இ, உ, எ மூன்றையும் 6 விதமாக அடுக்கலாம். ஈ-யை மற்ற ஐந்து வரிகளுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக 6 இடங்களில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். ஆக இந்தச் சின்ன நிரூபணத்துக்கே 36 சரியான வரிசைகள். நான் எழுதினால் இ, எ, உ, ஆ, ஊ, ஈ, அ என்று எழுதுவேன். இரண்டு கோணங்களும் சமம், கூட்டினால் 180°, ஆகவே ஒவ்வொன்றும் 90° என்று கடைசி மூன்று வரிகளும் ஒட்டி ஓடும். உங்கள் வரிசையில் ஈ முதல் வரியாக நின்றிருந்தால் அதை அழிக்க வேண்டாம், அதுவும் முழு மதிப்பெண்ணுக்கு உரியது.